தொப்பையப்பனின் பன்னிரண்டாவது சீசன்

ஆமா சார், அந்தக் குரல்தான். கண்டக்டர்கிட்ட நான் "ஒரு விழுப்புரம்"னு டிக்கெட் கேட்டப்பவே நீங்க திரும்பிப் பாத்தீங்க. நான் கவனிச்சேன். நீங்க இந்த லைன்ல இல்லையே? டிவி, டப்பிங், சேனல், அந்த மாதிரி? உரக் கம்பெனியா. அடையாள அட்டையெல்லாம் எதுக்கு சார், நான் என்ன போலீஸா. சரி, எடுத்துட்டீங்க, காட்டுங்க. ம். போட்டோ கொஞ்சம் பழசு. திருச்சி வரைக்கும் போறீங்க. நல்லது. நான் விழுப்புரத்துல இறங்கிடுவேன், அப்புறம் நாம பாத்துக்கப் போறதில்ல. அதனால உங்ககிட்ட சொல்லலாம்.

உங்க பொண்ணு தொப்பையப்பன் பாக்குமா? எத்தனாவது படிக்குது? மூணாவது. சரியான வயசு. ஆனா பெரியவங்களும் பாக்கறாங்க சார், சும்மா பிள்ளைங்க பாக்கறப்ப கூட உக்காந்த மாதிரி நடிப்பாங்க. வெளிநாட்டுக் கார்ட்டூன். அங்க பதினாலு வருஷமா ஓடுது. அங்க அவனுக்கு வாயில நுழையாத ஒரு பேரு. தமிழ்ல தொப்பையப்பன்னு பேர் வச்சது பரிமளநாதன் சார், வசனம் எழுதறவர். மழையே பெய்யாத ஊர்ல குடைக் கம்பெனியில வேலை பாக்கற ஒரு குண்டு மனுசன், அவன் பொண்டாட்டி சிங்காரி, ரெண்டு பசங்க, வீட்டுக்குள்ளயே திரியற ஒரு ஆடு. அவ்வளவுதான் கதை. பன்னிரண்டு வருஷமா தொப்பையப்பனுக்கு நான்தான் குரல். ரங்கமன்னார்னு டைட்டில்ல முதல் பேரா வரும். ஆட்டுக்கும் நான்தான் கத்தறேன், அதுக்குத் தனியா பேர் போட மாட்டாங்க.

எங்க தொழில் எப்படின்னா, படம் வரும், இங்கிலீஷ் வசனம் வரும். எழுத்தாளர் அதைத் தமிழ்ல எழுதணும். சும்மா எழுதினா போதாது, படத்துல வாய் மூடற இடத்துல நம்ம வார்த்தையும் மூடணும். அதை அவர் எழுதி அனுப்பிடுவார். நான் மைக் முன்னாடி நின்னு, திரையைப் பாத்துப் பேசுவேன். எழுதினதுல ஒரு எழுத்து மாத்த மாட்டேன் சார். இந்த ஃபீல்டுல யாரை வேணாலும் கேளுங்க. ரங்கமன்னார் பேப்பர்ல இருக்கறதைப் பேசுவான், இல்லாததைப் பேச மாட்டான்.

இந்தப் பன்னிரண்டாவது சீசன் இருக்கே, இதை ஆடி மாசம் ஆரம்பிச்சோம். இருபத்தாறு எபிசோடு. முதல் எபிசோடு ஒழுங்காத்தான் போச்சு. ரெண்டாவதுல ஒரு காட்சி. தொப்பையப்பன் குளிக்கப் போறான், அலமாரியிலேருந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறான். இங்கிலீஷ்ல அவன் சொல்றது ஷாம்பூ தீந்துடுச்சுன்னு. தமிழ்ல என் கையில இருந்த பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? "சிங்காரி! நேத்து நான் கோடு போட்ட இடத்துலேருந்து எண்ணெய் அரை இஞ்ச் இறங்கியிருக்கு. இந்த வீட்டுக்குள்ள யார் வந்தது?"

நான் அப்படியே நின்னுட்டேன். ஏன்னா எங்க வீட்டுல தேங்கெண்ணெய் பாட்டில்ல பேனாவால கோடு போட்டு வைக்கிறது நான். சந்தேகத்துனால இல்ல சார். ஒரு ஒழுங்குக்கு. என்னையும் என் மனைவியையும் தவிர இது உலகத்துல யாருக்கும் தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஆல்பர்ட் சிரிச்சிட்டிருந்தான். "என்னப்பா சிரிப்பு?"ன்னேன். "டயலாக் நல்லா இருக்குண்ணே"ன்னான். சரி, ஏதோ தற்செயல்னு விட்டுட்டேன்.

நாலாவது எபிசோடுல சிங்காரி போன் பேசிட்டு வைப்பா. தொப்பையப்பன் கேக்கறான்: "அஞ்சாவது ரிங்ல எடுத்தியே, ஏன் இவ்வளவு நேரம் யோசிச்சே?" அடுத்த தடவை அவ முதல் ரிங்லயே எடுப்பா. "யாருக்காகப் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தே?" இந்த ரெண்டு கேள்வியும் என்னோடது சார். வார்த்தைக்கு வார்த்தை. நியாயமான கேள்விங்க. ஆனா கார்ட்டூன்ல வர்றப்ப ஏன் எல்லாரும் சிரிக்கறாங்கன்னுதான் எனக்குப் புரியல.

சிரிப்புன்னா சாதாரணச் சிரிப்பில்ல. சேனல்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போட ஆரம்பிச்சிட்டாங்க. எங்க சாலிகிராமம் தெருவுல பசங்க கிரிக்கெட் ஆடறப்ப பந்து காணாம போனா, "இந்த வீட்டுக்குள்ள யார் வந்தது?"ன்னு என் குரல்லயே கத்துதுங்க. டப்பிங்கை மேற்பார்வை பாக்கற ஃபரீதா மேடம் என்கிட்ட வந்து, "ரங்கண்ணா, இந்த சீசன்ல நீங்க பேசலை, வாழ்ந்திருக்கீங்க"ன்னாங்க. வெளிய சிரிச்சேன். உள்ளுக்குள்ள எரிஞ்சுது. என் வீட்டை யாரோ திருடி எனக்கே பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டிருக்காங்க, நான் அதை ஏத்த இறக்கத்தோட பேசிட்டிருக்கேன்.

முதல்ல ஆல்பர்ட்டைத்தான் நினைச்சேன். ரெக்கார்டிங் ரூம்ல நாம டீ குடிச்சுக்கிட்டுப் பேசறதெல்லாம் அவன் ஹெட்போன்ல கேக்கும். அப்புறம் இஸ்திரி போடறவர். மாடிவரைக்கும் வர்ற ஆள் அவர் ஒருத்தர்தான். மூணாவது, சொல்லக் கூச்சமா இருக்கு, என் மனைவி. அவ பேரு குமுதா. ஆளுக்கு ஒரு பொய் சொன்னேன். ஆல்பர்ட்கிட்ட நான் புளி சேத்துக்கறதை விட்டுட்டேன்னேன். இஸ்திரிக்காரர்கிட்ட பத்ரிநாத் போகப் போறேன்னேன். குமுதாகிட்ட என் கால்ல ஆணின்னேன். எந்தப் பொய் தொப்பையப்பன் வாயில வருதோ அந்த ஆள் மாட்டினான்னு காத்திருந்தேன்.

மூணு வாரம் எதுவுமே வரல. குமுதா மட்டும் தினம் சாயங்காலம் வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொண்டுவந்து வச்சா, கால் வைக்கச் சொல்லி. வச்சேன். வேற என்ன செய்ய?

அப்புறம்தான் எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. ஆள் யாரும் இல்ல, மைக். நான் டப்பிங்காரன் சார், மைக் இன்னைக்கு எவ்வளவு சின்னதா வருதுன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் காலையில கரண்டியை எடுத்துக்கிட்டு பாத்ரூம் சுவரைத் தட்டிப் பாத்தேன். ஒவ்வொரு டைல்ஸா. கடைசியில தண்ணி போற ஓட்டை மேல சந்தேகம் வந்துச்சு. குனிஞ்சு, "ஹலோ"ன்னேன். எதிர்ல ஆள் இருந்தா ஒரு அசைவு தெரியுமில்ல? நிமிந்து பாத்தா, கதவுகிட்ட குமுதா துண்டோட நிக்கறா. "எலியா?"ன்னா. "ஆமா"ன்னேன்.

பதினோராவது எபிசோடு. தொப்பையப்பன் வீட்டுச் சுவரைக் கரண்டியால தட்டறான். இங்கிலீஷ்லயும் எலிதான். தமிழ்ல? "எலி இல்ல சிங்காரி, எவனோ ஒட்டுக் கேக்கறான். ஹலோ! ஹலோ! நான் தொப்பையப்பன் பேசறேன், தைரியம் இருந்தா பதில் சொல்லு!"

ஆல்பர்ட் சிரிச்சுச் சிரிச்சு நாற்காலியிலேருந்து சரிஞ்சிட்டான். நான் அந்த வசனத்தை ஒரே டேக்ல பேசினேன் சார். பேசிட்டு ஹெட்போனைக் கழட்டறப்ப எனக்குத் தெளிவா தெரிஞ்சு போச்சு. வீட்டு ஆள். குமுதாதான் யார்கிட்டயோ சொல்றா.

யார்கிட்டன்னு கண்டுபிடிக்கணுமே. அவ வியாழக்கிழமையானா மத்தியானம் ரெண்டு மணிக்கு லைப்ரரிக்குப் போவா. ரொம்ப நாளா போறா. அதுவரைக்கும் நான் அதைப் பெருசா எடுத்துக்கல, ஏன்னா வர்றப்ப கையில புத்தகம் இருக்கும், நான் சீல் தேதியைப் பாத்துடுவேன். ஆனா இப்ப யோசிச்சா, லைப்ரரிக்கு எதுக்கு டிபன் பாக்ஸ்? அடுத்த வியாழன் பின்னாடியே போனேன். அவ ஷேர் ஆட்டோவுல, நான் அடுத்த ஆட்டோவுல. வளசரவாக்கத்துல ஒரு சந்துக்குள்ள போனா. இளநி வண்டிக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். ஒரு வீட்டு கேட்டைத் திறந்து, மணி அடிக்காம, சொந்த வீடு மாதிரி உள்ள போறா. எனக்கு அந்த வீடு தெரியும் சார். பரிமளநாதன் சார் வீடு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இருபத்தொன்பது வருஷக் குடித்தனம். அவருக்கு எழுபத்திரண்டு வயசுன்னு அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் வரல.

ஜன்னல் திறந்திருந்துச்சு. உள்ள பாத்தேன். பரிமளநாதன் சார் சாய்வு நாற்காலியில இருக்கார். வலது கை மடியில கிடக்குது, வேற யாரோட கையையோ வாங்கி வச்சிருக்கற மாதிரி. சித்திரையில அவருக்குப் பக்கவாதம் வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். போய்ப் பாக்கல. குமுதா பாத்துட்டு வந்துட்டா, அது போதும்னு இருந்துட்டேன். எதிர்ல மேஜையில குமுதா. லேப்டாப்புல தொப்பையப்பன் ஓடறான். அவ காதுல வயரை மாட்டிக்கிட்டு, படத்தைப் பாத்துக்கிட்டு, வாயைத் திறந்து திறந்து மூடறா. சத்தமே இல்ல. என் வசனம் சார். நான் பேச வேண்டியதை அவ சத்தமில்லாம பேசிப் பாக்கறா, வாய் மூடற இடத்துல மூடறா, அப்புறம் பேனா எடுத்து எழுதறா.

கதவைத் தள்ளிக்கிட்டுப் போனேன்.

"வாய்யா ரங்கா," அப்படின்னார் பரிமளநாதன் சார், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"என்ன நடக்குது இங்க?"ன்னேன்.

குமுதா வயரைக் கழட்டி வச்சா. பயப்படல. அதுதான் எனக்கு முதல்ல உறுத்துச்சு. "பதினேழாவது எபிசோடு நடக்குது"ன்னா.

"நான் இந்த சீசன்ல ஒரு வரி எழுதலைய்யா,"ன்னார் அவர். "ஆஸ்பத்திரிக்கு என்னைப் பாக்க வந்த இவங்ககிட்ட, நான் சொல்லச் சொல்ல எழுதும்மான்னு கேட்டேன். மூணாவது பக்கத்துலேருந்து நான் சொல்றதை நிறுத்திட்டேன். இவங்க எழுதறது என்னோடதைவிட நல்லா இருக்கு. இப்ப அதைப் படிச்சுச் சிரிக்கறது மட்டும்தான் என் வேலை. டாக்டரே முகத்துக்கு அது நல்ல பயிற்சிங்கறார்."

"இது சேனலுக்குத் தெரியுமா?"ன்னேன், மிரட்டற மாதிரி.

அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். "டைட்டில்ல வருதேய்யா. வசனம், பரிமளநாதன், குமுதவல்லி. ரெண்டு மாசமா வருது. நீ பாக்கறதில்லையா?"

என் பேரு முதல்ல வரும் சார். அதுக்கப்புறம் நான் பாக்கறதில்ல.

அப்புறம் விசாரிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ஆல்பர்ட்டுக்குத் தெரியும், ஃபரீதா மேடத்துக்குத் தெரியும். இஸ்திரிக்காரருக்கே தெரியும். "உங்க வீட்டம்மா எழுதறது உங்களுக்குத் தெரியாதாண்ணே? புருசன் பொண்டாட்டி பேசி வச்சுத்தான் பண்றீங்கன்னு நினைச்சோம்"ங்கறான் ஆல்பர்ட். இத்தனை பேர் சேந்து ஒரு விசயத்தை ஒளிச்சிருக்காங்க பாருங்க, ஊரறிய வெளிப்படையா வச்சு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே,"ன்னா. "சித்திரையில சொன்னேன். வைகாசியில ஒரு தடவை சொன்னேன். நீங்க ம்னு சொன்னீங்க."

"என்னை ஊரே சிரிக்க வச்சிருக்கே."

அவ சோத்தை வடிச்சுக்கிட்டிருந்தா. திரும்பிப் பாக்காம சொன்னா: "நீங்க பேசினதைத்தான் எழுதினேன். கூட ஒண்ணும் சேக்கல. வீட்டுல நான் பேசினா உங்க காதுல விழறதில்லைங்க. அங்க நான் எழுதறதை ஒரு எழுத்து மாத்தாம பேசறீங்க. எனக்கு அது நல்லா இருந்துச்சு."

நான் பெருந்தன்மையா விட்டுட்டேன். மிச்ச எபிசோடையும் பேசிக் கொடுத்தேன். வேற ஒருத்தனா இருந்தா வீட்டையே ரெண்டாக்கியிருப்பான். ஆனா ஒவ்வொரு பேப்பரையும் வாங்கறப்ப ஒரு பயம். இதுல என்ன வச்சிருக்காளோ, எதைக் கிளப்பப் போறாளோன்னு. பெருசா எதுவும் வரல. இருபத்தஞ்சு வரைக்கும் வரல.

இங்க நான் ஒரு பழைய கதை சொல்லணும். இது செங்கல்பட்டுதானே? நேரம் இருக்கு.

கல்யாணமான ரெண்டாவது வருஷம். குமுதா கதை எழுதுவா. எண்பது பக்க நோட்டுல, கோடு போட்ட நோட்டு. ஒரு வாரப் பத்திரிகையில ஒண்ணு வந்துச்சு. வந்து பத்து நாள்ல கரூர்லேருந்து ஒரு லெட்டர். ஒரு வாசகர். ஆம்பளை. உங்க கதை என் மனசை என்னவோ செஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கான். நீங்களே சொல்லுங்க, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் எதுக்கு மனசைப் பத்தி எழுதணும்? மறுநாள் அவ கோயிலுக்குப் போயிருந்தப்ப அந்த நோட்டை எடுத்து வெந்நீர் அடுப்புல வச்சிட்டேன். கரையான் அரிச்சிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னேன். "கரையானா?"ன்னு கேட்டா. "ஆமா, கரையான்"னேன். அவ்வளவுதான் சார். அழல, சண்டை போடல. அப்புறம் எழுதல. அந்த விசயம் அதோட முடிஞ்சு போச்சுன்னுதான் இத்தனை வருஷமா இருந்தேன்.

இப்ப கடைசி எபிசோடுக்கு வர்றேன். இந்த சீசன் ஆரம்பத்துலேருந்தே சிங்காரியோட பாட்டு நோட்டைக் காணோம்னு ஒரு கதை ஓடும். ஆடு தின்னுடுச்சுன்னு தொப்பையப்பன் சொல்லி, ஆட்டை வெளிய கட்டிடுவாங்க. கடைசி எபிசோடுல ஆடு மழையில நனையுது. அந்த ஊர்ல அன்னைக்குத்தான் முதல் தடவையா மழை. தொப்பையப்பன் உண்மையைச் சொல்லணும். நோட்டைக் கறி சுடற அடுப்புல போட்டது அவன்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இது குமுதா எழுதினதில்ல சார், இது மூலக்கதை. கடல் தாண்டி இருக்கறவனுக்கு என் வீட்டு வெந்நீர் அடுப்பு எப்படித் தெரியும்? ஃபரீதா மேடம்கிட்ட கேட்டேன். இந்த எபிசோடு அங்க ரெண்டு வருஷம் முன்னாடியே வந்தாச்சுன்னு தேதியைக் காட்டினாங்க. தேதியை யார் வேணாலும் போடலாம்.

சரி, மூலக்கதை அது. இங்கிலீஷ்ல தொப்பையப்பன் சொல்றது ரெண்டே வார்த்தை. "நான்தான். ஸாரி." அதுக்கப்புறம் மழையைப் பாத்துக்கிட்டு முதுகைக் காட்டி நிக்கறான். பதினாலு செகண்டு. முதுகு காட்டினா வாய் தெரியாது. வாய் தெரியாட்டி எழுதறவங்க இஷ்டம், என்ன வேணாலும் எழுதலாம். அந்தப் பதினாலு செகண்டுல குமுதா எழுதியிருந்தது இது. மனப்பாடமா இருக்கு. "ஆடு திங்கல சிங்காரி. நான்தான் அடுப்புல வச்சேன். வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் விடாம படிச்சேன். நல்லா இருந்துச்சு. அதான் பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

நான் படிச்சேன்னு அவளுக்கு எப்படி சார் தெரியும்? யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. அடுப்பு முன்னாடி குந்திக்கிட்டு, தண்ணி கொதிச்சு அடங்கற வரைக்கும் படிச்சேன். எண்பது பக்கமும். வீட்டுல அப்ப யாரும் இல்ல.

மைக் முன்னாடி நின்னேன். "அண்ணே, டேக் போலாமா?"ன்னான் ஆல்பர்ட். "ஆடு திங்கல சிங்காரி. நான்தான் அடுப்புல வச்சேன்." அதுவரைக்கும் வந்துச்சு. அப்புறம் குரல் வரல. தண்ணி குடிச்சேன். மறுபடி. வரல. பதினேழு டேக். பன்னிரண்டு வருஷத்துல மூணாவது டேக்குக்கு நான் போனதில்ல சார்.

"வசனம் நீளம். வெட்டுங்க"ன்னேன்.

"பதினாலு செகண்டுக்கு அளவெடுத்து எழுதியிருக்காங்க ரங்கண்ணா. கச்சிதமா நிக்குது"ன்னாங்க ஃபரீதா மேடம்.

"தொப்பையப்பன் மன்னிப்புக் கேக்கற ஆள் இல்ல. இத்தனை சீசன்ல கேட்டதில்ல."

"படத்துல கேக்கறானே அண்ணா."

"இது என்னை மடக்கறதுக்காக எழுதினது. நான் பேச மாட்டேன்"னு ஹெட்போனைக் கழட்டி வச்சிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா குமுதா வாசல்லயே கேக்கறா, "முடிஞ்சுதா?"ன்னு. அன்னைக்கு என்ன ரெக்கார்டிங்னு அவளுக்குத் தெரியும். "முடிஞ்சுது"ன்னேன். வேற எதுவும் கேக்கல. அன்னைக்கு எனக்குப் பிடிக்கும்னு வெந்தயக் குழம்பு வச்சிருந்தா.

போன ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு அந்த எபிசோடு. நல்ல மழை. குமுதா டிவி முன்னாடி வந்து உக்காந்தா, தலை வாரி, வேற புடவை கட்டிக்கிட்டு. நானும் உக்காந்தேன். எழுந்து போனா சந்தேகம் வருமில்ல? அந்த இடத்தை வெட்டியிருப்பாங்க, வெறும் மழைச் சத்தம்தான் வரும், ஏதாவது சாக்கு சொல்லிக்கலாம்னு தயாரா இருந்தேன்.

மழை வந்துச்சு. தொப்பையப்பன் திரும்பி நின்னான். பேசினான்.

என் குரல் சார். என் வீட்டுல, என் பக்கத்துல என் பொண்டாட்டி உக்காந்திருக்கறப்ப, டிவிக்குள்ளேருந்து என் குரல் பேசுது. முழுசா பேசுது. "நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு, அடுத்த வார்த்தைக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டுச்சு. என்ன மூச்சுன்னு சொல்லத் தெரியல. ரொம்ப நேரமா தூக்கிட்டு வந்த மூட்டையை இறக்கி வைக்கிறப்ப வருமே, அந்த மாதிரி. அப்புறம் "அதான் பயந்துட்டேன். என்னை மன்னிச்சிடு."

நான் குமுதாவைப் பாக்கல. அவளும் என்னைப் பாக்கல. பேரெல்லாம் ஓடி முடியற வரைக்கும் உக்காந்திருந்தா. டிவியை அணைச்சா. "அந்த இடத்துல ஒரு மூச்சு வந்துச்சே, அது நான் எழுதல"ன்னா. முகத்தைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம் என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவா, "ஒரு தடவை என்கிட்ட சொல்லுங்களேன்"ன்னா.

"தொண்டை கட்டியிருக்கு"ன்னேன்.

"சரி"ன்னு எழுந்து போயிட்டா.

ஃபரீதா மேடத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். "என்ன பண்றது ரங்கண்ணா, தேதி நெருங்கிடுச்சு. விழுப்புரத்துல தணிகாசலம்னு ஒரு டிராயிங் மாஸ்டர் இருக்கார். கோயில் திருவிழா மேடையில எல்லாம் தொப்பையப்பன் குரல்ல பேசுவார். வரச் சொன்னோம். வசனத்தைக் கையில வாங்கிக் கொஞ்ச நேரம் பாத்தார், ஒரே டேக்ல பேசிட்டுப் போயிட்டார்"ன்னாங்க. ஒரே டேக் சார்! குமுதாகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். அவங்க சத்தியத்தை எவ்வளவு தூரம் நம்பறதுன்னு தெரியல.

இன்னைக்கு அஞ்சாவது நாள். குமுதா மறுபடி கேக்கல. ஆனா காபி கொண்டு வந்து வைக்கிறப்ப ஒரு நொடி நின்னுட்டுப் போறா. எதுக்கு நிக்கறா? என்னைச் சோதிக்கறா சார். நேர்ல சொல்லச் சொன்னதே சோதனைக்காகத்தான். கட்டின புருசனைச் சந்தேகப்படற புத்தி அவளுக்கு எப்ப வந்துச்சுன்னு தெரியல. நானும் சொல்லிடலாம்னு பாக்கறேன். பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டுச் சொல்லிப் பாத்தேன். வார்த்தை வருது, அந்த மூச்சு வரல. மூச்சில்லாம சொன்னா அன்னைக்குப் பேசினது நான் இல்லைன்னு கண்டுபிடிச்சிடுவா. அதான் கிளம்பிட்டேன். அந்தத் தணிகாசலத்தை நேரா பாத்துக் கேக்கப் போறேன். யோவ், அந்த இடத்துல நீ எதை நினைச்சுய்யா அப்படி மூச்சு விட்டே? நீ யாருக்கு என்ன பண்ணினே? அதைத் தெரிஞ்சுக்கிட்டா மிச்சத்தை நான் பாத்துப்பேன். தொழில் தெரிஞ்சவன் நான்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? நேரா அவகிட்டயே போய்ச் சொன்னா என்னவா? உங்களுக்கு எங்க வீடு தெரியாது.

இருங்க, போன். அவதான்.

"சொல்லு குமுதா... ஸ்டுடியோவுலதான்... ஆமா, ஆல்பர்ட் பக்கத்துலதான் இருக்கான்... சத்தமா? வெளிய லாரி போகுது... இல்ல, சாப்பாட்டுக்கு வந்துடுவேன்..."

சே, இந்தக் கண்டக்டருக்கு நேரம் காலம் தெரியாது. "விழுப்புரம் பைபாஸ் எல்லாம் எழுந்து வாங்க"ன்னு இப்பத்தான் கத்தணுமா.

"குமுதா?... குமுதா, இருக்கியா?... ம்... யார் சொன்னது உனக்கு?... ம்... ம்."

வச்சிட்டா சார்.

கேட்டிருச்சு அவளுக்கு. அப்புறம் கோபமே இல்லாம சொல்றா: "விழுப்புரம் வரைக்கும் போயிட்டீங்க. அந்த டிராயிங் மாஸ்டரைப் பாத்தா நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க"ங்கறா. யார் சொன்னதுன்னு கேட்டேன். "யார் சொல்லணும்? முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுது நீங்க இல்லைன்னு. பேரும் ஊரும் மட்டும்தான் ஃபரீதாகிட்ட கேட்டேன்"ங்கறா.

அப்போ அன்னைக்கு, டிவியை அணைச்சிட்டு, ஒரு தடவை சொல்லுங்கன்னாளே. நான் இன்னொரு தடவை கேக்கறான்னு நினைச்சேன் சார். முதல் தடவை கேட்டிருக்கா.

வர்றேன்ப்பா கண்டக்டர், விசில் அடிக்காதே, வர்றேன். பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார். ஏம்ப்பா, மெட்ராஸ் போற பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?